அந்தக் கேமராமேனுக்கும் பெயர் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

எழுபதுகளின் பேஸ்பால் ஒளிபரப்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். 1977 ஜூன் 18 அன்று டக்அவுட்டில் (வீரர்கள் உட்காரும் இடம்) நியூயார்க் யாங்கீஸ் அணியின் மேலாளர் பில்லி மார்ட்டினும் அதன் வீரர் ரெஜி ஜாக்சனும் மோதிக்கொள்ளப் போனதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியது நியாயம்தான். ஆனால் அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1975-இன் ஆறாவது ஆட்டத்தை, கேமராமேன் காலடியில் எலி நின்ற கதையாக இரண்டே வரியில் முடித்துவிட்டீர்களே, மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

மழையால் மூன்று நாள் தள்ளிப்போன ஆட்டம் அது. பாஸ்டனின் ஃபென்வே பார்க் மைதானம். எட்டாவது இன்னிங்ஸில் பாஸ்டனின் பெர்னி கார்போ அடித்த ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போல) 6-6 என்று சமன் செய்தது. பன்னிரண்டாவது இன்னிங்ஸ், நள்ளிரவு தாண்டிவிட்டது. எதிரணியான சின்சினாட்டியின் பேட் டார்சி வீசிய பந்தை பாஸ்டனின் கார்ல்டன் ஃபிஸ்க் இடப்பக்கக் கோட்டையொட்டித் தூக்கி அடித்தார். கோட்டுக்கு வெளியே போனால் ஃபவுல், உள்ளே விழுந்தால் வெற்றி.

ஒரு கேமரா மட்டும் பந்தைத் துரத்தாமல் ஃபிஸ்க்கிடமே நின்றது. பக்கவாட்டில் தத்தித் தத்திப் போகிறார். இரண்டு கைகளையும் வீசி, பந்தை உள்ளே போ, உள்ளே போ என்று தள்ளுகிறார். பந்து கோட்டின் முனையில் நிற்கும் கம்பத்தில் பட்ட நொடியில் (கம்பத்தில் பட்டால் உள்ளே என்றுதான் கணக்கு) துள்ளிக் குதிக்கிறார். பந்தைப் பார்க்கவே வேண்டாம், அது போன வழியெல்லாம் அவர் உடம்பிலேயே தெரிகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இடப்பக்கச் சுவரின் ஸ்கோர்போர்டுக்குள் உட்கார்ந்து அதைப் பிடித்தவர் என்பிசி தொலைக்காட்சியின் கேமராமேன் லூ ஜெரார்ட். உங்கள் கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லை. காலடியில் பெரிய எலி நின்றதால் கேமராவைத் திருப்ப முடியவில்லை என்பார்கள். சரி, இருக்கட்டும். அப்படியானால் ஃபிஸ்க்கையே காட்டுவோம் என்று இயக்குநரிடம் சொன்னவரும் அவர்தான் என்று அதே கதை சொல்கிறதே, அதை ஏன் விட்டீர்கள்? எலிக்குப் பயந்து அவர் கேமராவை விட்டு எழுந்திருந்தால் அந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது.

மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் 4-3 என்று வென்று சின்சினாட்டி கோப்பையைக் கொண்டுபோனது. பந்து பட்ட கம்பத்துக்கு 2005-இல் ஃபிஸ்க்கின் பெயரை வைத்தார்கள். ஜெரார்டின் பெயரை அடுத்த இதழில் ஒரு திருத்தமாகவாவது போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்