வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் நன்றி

அரசலாற்றங்கரை ஊர்க்காரர்களுக்கும், கும்பகோணத்திலிருந்து காரைக்கால் வரை எங்களுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

நம் படம் முடிந்துவிட்டது. தணிக்கையில் யு/ஏ 13+ சான்றிதழ் கிடைத்திருக்கிறது, அதாவது பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் பெற்றோரின் வழிகாட்டல் வேண்டும். பிளஸ் டூ பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எடுத்தோம், அதனால் இந்தச் சான்றிதழ் எங்களுக்குப் பெரிய நிம்மதி. படத்தின் கடைசியில் நன்றிப் பெயர்கள் ஓடும். ஆனால் அங்கே பெயர் மட்டும்தான் ஓடும், யார் என்ன செய்தார்கள் என்பது தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் படம் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தெருவில் வளர்ந்த மூன்று பேர், இரண்டு பெண்கள், ஒரு பையன். பிளஸ் டூ படிக்கிறார்கள், ஒரே டவுன் பஸ்ஸில் போய் வருகிறார்கள். ஒரு சாயங்காலம் பம்புசெட் கொட்டகைப் பக்கம் அந்தப் பையன் ஒருத்தியின் கையைக் கேட்காமல் பிடித்து இழுத்துவிடுகிறான். அவள் அப்படியே உறைந்து நிற்கிறாள். கத்தவில்லை, கையை உதறவில்லை. மௌனம் சம்மதம் என்று கேட்டே வளர்ந்தவன் அவன், சரி என்று எடுத்துக்கொள்கிறான். மறுநாளிலிருந்து அவள் வேறு பஸ்ஸில் போகிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இன்னொரு தோழி என்ன செய்கிறாள் என்பதுதான் மீதிப் படம். கொலை இல்லை, பஞ்சாயத்து இல்லை, கடைசியில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை.

"கையைப் பிடித்ததற்கு ஒரு படமா?" என்று சென்னையில் நாங்கள் போய்ப் பார்த்த சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடுதான் உங்கள் ஊருக்கு வந்தேன். ஒரு மத்தியானம் நடவுக்குப் போய்த் திரும்பிய பெண்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கதையைப் படித்துக் காட்டினேன். முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அப்பாயி, "கேட்டிருந்தா அவ சொல்லியிருப்பால்ல" என்றார். படத்தில் தோழி பேசும் முக்கியமான வசனம் அதுதான். அவரிடம் அனுமதி வாங்கித்தான் எடுத்துக்கொண்டேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அந்த வரியை நான் எழுதவில்லை. அன்றைக்கு அந்தத் திண்ணையில் இருந்த ஒவ்வொருவரும் தனக்கு நடந்ததையோ தன் அக்கா தங்கைக்கு நடந்ததையோ சொன்னார்கள். எதுவும் படத்தில் இல்லை. வெளியே போகக்கூடாது என்ற பேச்சோடு சொன்னவை அவை. ஆனால் அந்தப் பெண் உறைந்து நிற்கும் காட்சியை எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கும்பகோணத்து வழக்கறிஞர் அக்காவுக்கு நிறையக் கடன்பட்டிருக்கிறேன். திரைக்கதையை வரி வரியாகப் படித்தார். எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2013-இல் வந்த சட்டத் திருத்தமே சொல்கிறது, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இருக்கிறது என்று காட்டினார். அது வல்லுறவு வழக்குகளுக்காக எழுதப்பட்டது, உங்கள் கதைக்கு நேராகப் பொருந்தாது, ஆனால் உறைந்து போவதைச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் சம்மதத்தையே கணக்கில் எடுக்காது என்பதையும் பொறுமையாக விளக்கினார். முதல் வடிவத்தில் ஒரு ஆசிரியர் வகுப்பில் சட்டம் பேசுகிற காட்சி ஒன்று இருந்தது. "பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் மதிக்கக் கத்துக்கறது போலீஸுக்குப் பயந்து இருக்கக் கூடாது" என்று சொல்லி அதை எடுத்துவிடச் சொன்னவரும் அவர்தான். எடுத்துவிட்டேன். படம் மூச்சு விட்டது.

நடித்த மூன்று பேரைப் பற்றி. மூவரும் பதினெட்டைத் தாண்டிய கல்லூரி மாணவர்கள், மூவருக்கும் இது முதல் படம். பம்புசெட் காட்சிக்காகச் சென்னையிலிருந்து ஒரு இண்டிமசி கோஆர்டினேட்டரை வரவழைத்தோம். தொடுதலும் நெருக்கமும் உள்ள காட்சிகளை நடிகர்களின் சம்மதத்தோடு பாதுகாப்பாக எடுக்க உதவுபவர் அவர். கையைப் பிடிக்கிற காட்சிக்கு அவர் எதற்கு என்று யூனிட்டுக்குள்ளேயே கேள்வி வந்தது. சின்னப் படம், சம்பளம் கொடுக்கவே திணறல். அவரோ பாதிச் சம்பளத்துக்கு வந்தார். வந்து என்ன செய்தார் என்று சொல்ல வேண்டும். முதலில் நடிகர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினார். எந்தக் கை, மணிக்கட்டா முழங்கையா, எவ்வளவு இறுக்கம், எத்தனை நொடி, எல்லாவற்றையும் எழுதி இருவரிடமும் ஒப்புதல் வாங்கினார். ஒத்திகையை எண்ணிக்கை சொல்லிச் செய்யவைத்தார். காட்சி ஓடும்போது யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றார். படப்பிடிப்பு நடந்த இடத்தில் கேமரா, சவுண்ட், நான் என்று தேவையான ஆட்கள் மட்டும்தான், மற்றவர்கள் வரப்புக்கு அந்தப் பக்கம்.

இரண்டு டேக் முடிந்ததும் நாயகி, "இதுக்கு மேல வேண்டாம் அக்கா" என்றாள். லைட் போய்க்கொண்டிருந்தது, குளோசப் இன்னும் எடுக்கவில்லை. கோஆர்டினேட்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பையனாக நடித்த தம்பி அவளிடம் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். படத்தில் நீங்கள் பார்க்கப்போவது அந்த இரண்டாவது டேக். குளோசப் இல்லாமல் தூரத்திலிருந்து பார்க்கிற காட்சியாகத்தான் இருக்கிறது. அதுதான் சரி என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அந்த மூன்று பிள்ளைகளுக்கும், நம்பி அனுப்பிய அவர்கள் பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

நாயகியின் தம்பியாக வரும் குட்டிப் பையனுக்கு வயது பதினொன்று. பதினான்குக்குக் கீழே உள்ள பிள்ளைகளை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து மூன்று மணி நேரம் போனால் ஓய்வு தர வேண்டும், சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். சின்னப் படங்களில் இதையெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை என்று பலர் சொன்னார்கள். அவன் அம்மா கண்டுகொண்டார். விதிகளைத் தமிழில் எழுதி வாங்கிப் படித்து, கைக்கடிகாரத்தோடு செட்டில் உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி நேரம் ஆனதும் எழுந்து பையைத் தோளில் மாட்டிவிடுவார். அக்கா, உங்களைப் போன்ற ஒரு அம்மா ஒவ்வொரு செட்டிலும் இருக்க வேண்டும்.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வரும் காட்சிக்கு ரீடேக் கிடையாது. சின்ன வயதில் தண்ணீருக்கு முன்னால் ஓடிய மூன்று பேரில் இந்த வருஷம் இரண்டு பேர்தான் ஓடுகிறார்கள் என்பது கதையில் முக்கியமான இடம். 2024-இல் மேட்டூரில் தண்ணீர் போதாமல் ஜூலைக் கடைசியில்தான் அணையைத் திறந்தார்கள், எங்கள் திட்டமும் அதோடு தள்ளிப்போனது. 2025-இல் ஜூன் 12 அன்றே திறந்துவிட்டார்கள். அங்கே திறந்தால் இங்கே வந்துவிடுமா? கல்லணைக்கு வந்து, அங்கே ஆறுகளாகப் பிரிந்து, நம் கிளை வாய்க்காலுக்கு எந்த நாள் எந்த நேரம் எட்டும் என்று கணக்குச் சொன்னவர், வாய்க்கால் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் அண்ணன். ராத்திரி போன் செய்து, "விடியக்காலை மதகைத் தூக்குவாங்க, வெளிச்சம் வர்றதுக்குள்ள வந்துடுங்க" என்றார். அவர் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்தது, காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு. அந்தக் காட்சியைப் பார்த்து அழுதேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பாராட்டில் பாதி அவருக்கு.

லைவ் சவுண்டில், அதாவது படப்பிடிப்பு நடக்கும்போதே ஒலியையும் பதிவுசெய்து எடுத்த படம் இது. மோட்டாரை நிறுத்திவைத்த விவசாயிகளுக்கும், மேய்ச்சல் வாத்துகளை வேறு வயலுக்கு ஓட்டிப்போன தம்பிகளுக்கும், ஆடி மாதத்தில் குழாய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துக்கொண்ட ரேடியோ செட்காரருக்கும் நன்றி. ஆடி மாதத்தில் இப்படி ஒரு உதவி சாதாரணமில்லை.

இனி, வேண்டாம் என்று சொன்னவர்கள்.

முதலில் நாங்கள் கேட்ட பம்புசெட் கொட்டகைக்காரர் தர மறுத்தார். தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், இங்கே இப்படி ஒரு காட்சி எடுத்தால் நாளைக்கு ஊர் அவர்களைத்தான் பேசும் என்றார். நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை. காபி கொடுத்து அனுப்பினார். அவர் சொன்னதில் ஒரு தகப்பனின் பயம் இருந்தது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஐயா, நீங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னதால் எங்களுக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை.

நடவுக் காட்சியில் இருந்த எல்லோருக்கும் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினோம். இருந்தாலும் எடிட்டிங் முடியும் முன் லேப்டாப்போடு திரும்பி வந்து அவரவர் வரும் இடத்தைப் போட்டுக் காட்டினோம். ஒருவர் மட்டும், "என் மூஞ்சி வேண்டாம்மா" என்றார். நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கும் ஷாட் அது, ஒளிப்பதிவாளருக்கு மிகவும் பிடித்தது. கையெழுத்துப் போட்டாயிற்றே என்று யாரும் பேசவில்லை. ஷாட்டை எடுத்துவிட்டோம், ஏன் என்றும் கேட்கவில்லை. பெரியம்மா, இந்த மடலில் உங்களுக்கு முதல் இடம் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் திரையிடல் கல்யாண மண்டபத்தில் நடந்தது. பக்கத்துப் பள்ளியின் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளைத் தலைமையாசிரியை தானே கூட்டிக்கொண்டு வந்தார். படம் முடிந்ததும் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "அவ வேண்டாம்னு சொல்லவே இல்லையே, அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். தலைமையாசிரியை அவனைத் திட்டவில்லை, கேட்டதற்குப் பாராட்டிவிட்டுப் பிள்ளைகளையே பேசவிட்டார். கரண்ட் போய் வந்தும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

அப்புறம் மனநல ஆலோசகர் துண்டுச் சீட்டுகள் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னாலேயே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: பெயர் எழுத வேண்டாம், எழுதாமலே இருக்கலாம், ஆனால் ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் அதைத் தகவல் சொல்வது சட்டப்படி கடமை, அதை மட்டும் என்னால் ரகசியமாக வைக்க முடியாது. எது ரகசியம், எது இல்லை என்று தெரிந்த பிறகு எழுதுவதா வேண்டாமா என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐப் பலகையில் பெரிதாக எழுதிவைத்தார். அவர் நடத்திய விதத்தைப் பார்த்துவிட்டு, இனி ஆலோசகர் இல்லாமல் எந்தப் பள்ளியிலும் படத்தைத் திரையிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

பணம் போட்ட நண்பர்கள், சாப்பாடு சமைத்த அக்காக்கள், கொரடாச்சேரி பக்கமிருந்து வேன் ஓட்டி வந்த அண்ணன், ராத்திரி தங்கத் தங்கள் மாடியைக் கொடுத்த குடும்பம், எல்லோருக்கும் நன்றி.

டெல்டா மாவட்டங்களில் எந்தப் பள்ளியோ, நூலகமோ, மகளிர் குழுவோ கேட்டாலும் படத்தைக் கட்டணம் இல்லாமல் திரையிட்டுத் தருகிறோம். புரொஜக்டரும் ஸ்பீக்கரும் நாங்களே கொண்டு வருவோம். சுவர் வெள்ளையாக இருந்தால் போதும். அடுத்த திரையிடல் தை அறுவடை வேலைகள் முடிந்த பிறகு, உங்களுக்குத் தோதான நாளில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
படத்தின் இயக்குநர்
(யூனிட்டில் உள்ள எல்லோர் சார்பிலும்)