கீறிப் பார்க்கக் கல் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கனிமங்களை இனங்காணும் செய்முறை வகுப்பு நல்லபடியாக நடந்து முடிந்தது. கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, தன் சேகரிப்பிலிருந்து கற்களை எடுத்துத் தந்த ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஐயாவுக்கு. "பிள்ளைகள் கீறட்டும், உரசட்டும், உடைந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். ஆசையாகச் சேர்த்ததை அப்படிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்! படத்தைப் பார்த்துப் படித்த மாணவர்கள் நிறத்தைத்தான் நம்புவார்கள். நிறமோ ஏமாற்றும். குவார்ட்ஸ் ஒன்றே வெள்ளையாகவும் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் கிடைக்கிறது. நீங்கள் தந்த ஹேமடைட்டில் ஒரு துண்டு எஃகு நிறத்தில் மின்னியது, இன்னொன்று செம்மண்ணாக இருந்தது. இரண்டும் ஒரே கனிமம் என்று நான் சொல்லியிருந்தால் எழுதிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான். மெருகில்லாத பீங்கான் ஓட்டில் அவர்களே உரசியதும் இரண்டுமே செம்பழுப்புக் கோடு போட்டன. தங்கமேதான் என்று அடித்துச் சொன்ன பைரைட் போட்டது கருங்கோடு!

அந்த ஓட்டுத் துண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து, கையைக் கிழிக்காதபடி விளிம்புகளைத் தேய்த்தும் கொடுத்தவர் டைல்ஸ் வேலை செய்யும் ஒரு மாணவியின் அப்பா. மிக்க நன்றி அண்ணா.

அடுத்து ஆய்வக உதவியாளர் அக்கா. அமிலத்தை நீர்க்கச் செய்து, பாதுகாப்புக் கண்ணாடி போடாத யாரையும் பக்கத்தில் விடாமல் நின்றீர்கள். கால்சைட்டில் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கியது. டோலமைட் சும்மா கிடந்தது. பொடியாக்கிச் சொட்டு விட்ட பிறகுதான் மெல்ல நுரைத்தது. அதை அவசரப்படாமல் காட்டியது நீங்கள்தான்.

தன்னார்வலர்களாக வந்த கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், முக்கியமாகப் பதிலைச் சொல்லாமல் இருந்ததற்கு. நகம் ஏறக்குறைய 2.5, கண்ணாடி 5.5 என்று, கடினத்தன்மையை எண்ணால் குறிக்கும் மோஸ் அளவுகோலில் இடம் காட்டியதோடு நிறுத்திக்கொண்டீர்கள். நகத்தால் கீற முடிந்தது ஜிப்சம், முடியாதது கால்சைட், கண்ணாடியையே கீறியது குவார்ட்ஸ் என்று மாணவர்களே வரிசைப்படுத்தினார்கள். கால்சைட்டும் கண்ணாடியைக் கீறிவிட்டதாக ஒரு குழு வாதிட்டபோது, "துடைத்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னீர்கள். துடைத்ததும் கோடு போய்விட்டது. அது கல்லின் பொடி, கண்ணாடியில் விழுந்த கீறல் இல்லை என்று அவர்களே விளக்கினார்கள். எனக்கு அந்த வகுப்பிலேயே மிகப் பிடித்த இடம் அதுதான்.

இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துத் தந்த தலைமையாசிரியருக்கும் நன்றி. இல்லாவிட்டால் உரசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்திருக்கும்.

கற்களை அடுத்த வகுப்புக்காகப் பெயர் ஒட்டாமல், எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறோம். மைக்கா மட்டும் ஏடு ஏடாகப் பிரித்ததில் தீர்ந்துவிட்டது. ஐயா, இன்னொரு துண்டு இருந்தால் தாருங்கள்.

அன்புடன்,
அறிவியல் ஆசிரியர்