மூன்றாம் தடவை பூசிய தரை

திருகோணமலை
10.08.2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் ஆடி அமாவாசைக்கு முதல்நாள் வந்தது. அடுத்த நாள் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்து பதில் எழுத உட்காரலாம் என்றிருந்தேன். முடியவில்லை. இரண்டு கையிலும் எபொக்சி, தரைக்குப் பூசுகிற பிசின். தின்னர், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் சாம்பல் நிறம் இன்னும் இருக்கிறது. சோறு பிசையும்போது பேத்தி என் கையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாள்.

ரொறன்ரோவில் உன் கராஜ் தரைக்கு மேற்பூச்சு அடிக்க ஒரு ஆளிடம் விலை கேட்டிருக்கிறாய், இவ்வளவு காசு கொடுக்கலாமா, நீ இரசாயனம் படிப்பித்தவன்தானே, சொல்லு என்று எழுதியிருந்தாய். நல்ல ஆளைத்தான் கேட்டாய். இங்கே கராஜ் என்றால் ஆட்டோ, மோட்டார் சைக்கிள் திருத்துகிற இடம். என்னிடம் இருப்பது சின்னவன் வான் விடுகிற கொட்டில். 18 அடிக்கு 11 அடி. அந்தச் சின்னத் தரையை நான் மூன்று தடவை பூசியிருக்கிறேன், அதில் இரண்டு தடவை தோற்றவன்.

பழைய கொட்டில் சுனாமியில் போனது உனக்குத் தெரியும். 2005 இல் அவசர அவசரமாகத் திரும்பக் கட்டினோம். கொங்கிறீற்றுக்கு அடியில் பொலித்தீன் விரிக்க வேண்டும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. கீழே கடற்கரை மணல், அதற்குக் கீழே தண்ணீர். மாரியில் எங்கள் கிணற்றில் வாளியை எட்டி மொள்ளலாம் என்றால் பார்த்துக்கொள். அடுத்த வருஷம் அந்தத் தரைக்கு, பளபளவென்று இருக்கட்டும் என்று எனாமல் பெயின்ட் அடித்தேன். ஒரு மாரிகூடத் தாங்கவில்லை. தொட்டால் வழுவழுவென்று, கீறினால் தோல் தோலாக வந்தது.

வெட்கக்கேடு என்னவென்றால் காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். எனாமலில் இருப்பது எண்ணெயிலிருந்து செய்த பிசின். கொங்கிறீற்றுக்குள் இருப்பது கடுங்காரம், ஈரமாக இருக்கும்போது பீ.எச். 12, 13 வரும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிக் காட்டிய இரசாயனத் தாக்கத்தை, காசு கொடுத்துப் பெயின்ட் வாங்கி, என் வீட்டு நிலத்திலேயே நடத்திக் காட்டியிருக்கிறேன்.

இரண்டாம் தடவை நான்கு வருஷத்துக்கு முன். சின்னவன் வான் எடுத்த புதிது. தரைக்கென்றே விற்கிற ஒற்றை டின் பெயின்ட் ஒன்றை ஹார்ட்வெயார் கடையில் வாங்கினேன். இரண்டு வாரம் வடிவாகத்தான் கிடந்தது. பிறகு ஒரு நாள் அவன் கொழும்புக்கு ஹயர் போய், 250 கிலோமீற்றருக்கு மேல் ஒரே மூச்சாக ஓட்டி, இரவு பத்து மணிக்கு வந்து வானை விட்டான். காலையில் பின்னால் எடுத்தான். நாலு சில்லும் நின்ற இடத்தில் நாலு சாம்பல் சதுரம், கீழே வெறும் சீமெந்து தெரிகிறது. பெயின்ட் டயரோடு போய்விட்டது, பழுக்காத கல்லில் ஊற்றிய தோசை மாதிரி. சூடான டயர் மெல்லிய பூச்சை இளக்கும், டயரில் உள்ள எண்ணெய்ப் பசை அதற்குள் ஊறும், ஆறி ஒடுங்கும்போது பிடித்ததையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தரையோடு இருக்கிற பிடி டயரோடு இருக்கிற பிடியைவிடக் குறைந்தால் முடிந்தது கதை.

அதனால் இந்தத் தடவை அவசரப்படுவதில்லை என்று தை மாதமே தொடங்கினேன். (நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.) ஒன்றரை அடிச் சதுரமாகத் தடித்த பொலித்தீனை வெட்டி, நாலு பக்கமும் டேப் ஒட்டி, தரையில் ஒரு இரவும் பகலும் விட்டேன். உரித்துப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், தரையும் கறுத்துப் போயிருந்தது. கொங்கிறீற்று பார்வைக்குக் கல், உள்ளே நுண்துளை. கீழே இருக்கிற ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு மேல் காற்றுப்புகாத பூச்சை ஒட்டினால் அது கொப்புளமாகத்தான் எழும்பும். அப்படியே விட்டுவிட்டேன். ஆனி மாதம், கச்சான் காற்று ஊதி முற்றத்து மண்ணெல்லாம் மாவாகிக் கிடந்தபோது அதே சோதனையை மூன்று இடத்தில் செய்தேன். சொட்டு ஈரம் இல்லை.

சரி என்று அடுத்த வேலைக்கு இறங்கியதில்தான் மூன்றாவது பிழை. சீமெந்துத் தரையின் மேலே, பூசி மெழுகும்போது வந்து படிகிற பலவீனமான ஒரு பால்தோல் உண்டு. எந்தப் பூச்சையும் அதற்கு மேல் போட்டால், பூச்சு அந்தத் தோலைப் பிடிக்கும், தோல் கொங்கிறீற்றைப் பிடிக்காது. அதை எடுக்க அசிட் ஊற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். ஐதரோகுளோரிக் அமிலம்தானே, எனக்கு அதில் என்ன பயம்? தண்ணீருக்குள் அமிலத்தை விட்டேன், அமிலத்துக்குள் தண்ணீரை அல்ல. கையுறை, கண்ணாடி எல்லாம் முறைப்படி. நுரைத்துப் பொங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, தும்புத்தடியால் தேய்த்துக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்தேன். விடிய வந்து பார்த்தால் சுவரில் மாட்டியிருந்த ஸ்பானர், சுத்தியல், சைக்கிள் செயின் எல்லாவற்றிலும் செம்மஞ்சள் துரு. அமிலப் புகை செய்த வேலை. சின்னவன் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு ஸ்பானராக எடுத்து, என் கண்ணுக்கு முன்னால், மெதுவாகத் துடைத்தான். ஏசியிருந்தால் எவ்வளவோ மேல்.

அதைவிட மோசம், தரை காயவில்லை. அமிலமும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருவது கல்சியம் குளோரைட்டு. அது காற்றிலிருக்கிற ஈரத்தையே உறிஞ்சி வைத்திருக்கிற உப்பு, ஆய்வுகூடத்தில் பொருள்களை உலரவைக்க நாங்கள் பாவித்ததே அதைத்தான். நாலு நாள் ஹோஸ் பிடித்துக் கழுவிக் கழுவித்தான் அது போனது. சோடாத் தூள் கரைத்து ஊற்றி, திரும்பக் கழுவி, பிறகு இரண்டு வாரம் வெறுமனே காயவிட்டேன்.

கடைசியில், அந்தப் பால்தோலை அரைத்தெடுக்க டைமண்ட் கப் பூட்டிய கிரைண்டரை வாடகைக்கு எடுத்தோம். ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான். சின்னவன் அரைக்க, நான் வேக்குவம் குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னாலே. அந்தத் தூசு சாதாரணத் தூசல்ல மச்சான், சிலிக்கா, சுவாசப்பையில் போய் இருந்தால் வெளியே வராது. மூக்கில் துணி கட்டினால் போதாது, நல்ல மாஸ்க் வேண்டும். அரைத்து முடிந்ததும் தரை நடுத்தர உப்புத்தாள் மாதிரிக் கையில் உரசியது. ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து அங்கங்கே சொட்டு விட்டுப் பார்த்தேன். எல்லா இடமும் உடனே குடித்துவிட்டது. வானின் எஞ்சின் நிற்கிற இடத்தில் மட்டும் சொட்டு சேம்பிலையில் நிற்பது போல உருண்டு நின்றது. அங்கே எண்ணெய் ஊறியிருக்கிறது. வாஷிங் சோடாவும் கொதிதண்ணீரும் போட்டுத் தேய்த்து, சீமெந்துத் தூளைக் குவித்து எண்ணெயை இழுக்கவிட்டு, திரும்ப அரைத்து, மூன்று நாள் அந்த ஒரு முழத்தோடு மல்லுக்கட்டினேன். வெடிப்புகளை எபொக்சிப் பசையால் அடைத்தது அரை நாள் வேலை, அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பூசுகிற நாள். எபொக்சி இரண்டு டின், ரெசினும் ஹார்ட்னரும். கலந்தவுடன் தாக்கம் தொடங்கி வெப்பம் வெளிவரும். வெப்பம் கூடினால் தாக்கம் இன்னும் வேகம். பரப்பினால் அந்த வெப்பம் தரைக்குள் போய்விடும், வாளிக்குள்ளே விட்டால் போக இடமில்லை. இதையும் படிப்பித்தவன் நான். ஆனாலும் முதல் வாளியைக் கலந்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்து ஏதோ கேட்க, வாயைக் கொடுத்தேன். எங்கள் வெயிலில் இருபது நிமிஷம்கூடத் தாங்கவில்லை. வாளியிலிருந்து புகை. கஞ்சி போலிருந்தது கட்டியாகி, வாளியின் அடியும் இளகிக் கோணிப்போய்விட்டது. அந்தக் கட்டி இப்போது படலைக்கு முட்டுக்கொடுக்கிறது.

இரண்டாவது வாளியைக் கலந்தவுடனே தரையில் நீளக் கோடாக ஊற்றி, ரோலரால் இழுத்தோம். தொடங்கியது பின்னேரம் நாலரைக்கு. காலையில் பூசினால் தரை சூடேற ஏற நுண்துளைக்குள் இருக்கிற காற்று விரிந்து, ஈரப்பூச்சில் குமிழி குமிழியாக வெளியே வரும். பின்னேரம் தரை ஆறிக்கொண்டு போகும்போது அந்தத் துளைகள் பூச்சை உள்ளே இழுக்கும். ஆனால் இருட்டும்வரை இழுத்தடிக்கவும் கூடாது, கடற்காற்றின் ஈரம் படிந்தால் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும், அடுத்த பூச்சு அதில் ஒட்டாது.

உனக்கு விலை சொன்னவன் என்ன தடிப்பு என்று சொன்னானா? இந்தக் கணக்கைப் போட்டுப் பார். ஒரு லீற்றரை ஒரு சதுர மீற்றரில் பரப்பினால் ஒரு மில்லிமீற்றர். நாலு சதுர மீற்றரில் பரப்பினால் கால் மில்லிமீற்றர். கரைப்பான் பாதி கலந்த பூச்சு என்றால் அது காய்ந்து பறந்த பிறகு மிஞ்சுவது அதிலும் பாதி. என் கொட்டில் பதினெட்டரைச் சதுர மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நான் கரைப்பான் இல்லாத சாமானில் இரண்டு பூச்சுக்குமாக நாலரை லீற்றர் போட்டேன். அவன் சொல்கிற லீற்றரை உன் தரையின் அளவால் பிரித்தால் அவன் என்ன பூசப்போகிறான் என்பது தெரிந்துவிடும்.

அந்தப் பெயின்டுக்கு மூடுதிறன், அதாவது கீழே இருப்பதைத் தெரியாமல் மறைக்கிற திறன், கொடுக்கிற வெள்ளைத் தூள் தைத்தேனியமீரொட்சைட்டு. அதன் மூலப்பொருள்களில் ஒன்று இல்மனைட்டு, நம்முடைய புல்மோட்டைக் கடற்கரையில் கிடக்கிற கறுப்பு மணல். இங்கிருந்து மணலாகக் கப்பலேறுகிறது, பெயின்ட் டின்னுக்குள் வெள்ளையாகத் திரும்பி வந்தால் நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம். டின்னைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும்.

இந்த வேலை முழுக்க உங்கள் பழைய வீட்டு விறாந்தைதான் நினைவில் நின்றது. சிவப்புச் சீமெந்துத் தரை. உன் அம்மா மென்ஷன் பொலிஷ் பூசிவிட்டு, நம் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொச்சுமட்டைப் பாதியைத் தருவா, நாம் அதில் கால் வைத்துச் சறுக்கிச் சறுக்கித் தேய்ப்போம். நீ தூணில் மோதிப் பல்லுடைத்தது அந்த விறாந்தையில்தான். அது ஏன் உரியவில்லை தெரியுமா? அங்கே நிறம் மேலே பூசியதல்ல. காவித்தூளைச் சீமெந்தோடு கலந்து, ஈரம் காயுமுன் மேசனார் கரண்டியால் அழுத்தி அழுத்தி மினுக்கியது. உரிவதற்குத் தோலே இல்லை. இப்போது அப்படிப் போட ஆள் தேடினேன். கிடைத்தவர்கள் எல்லாம் டைல்ஸ் ஒட்டத்தான் ஆயத்தம்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். செய்யலாம், காசு வீணில்லை. எங்களுக்குக் கடலுப்பு, உங்களுக்கு வீதியில் போடுகிற உப்பு. பனியோடு கார் அதைக் கொண்டுவந்து தரையில் உருகவிட்டால் கொங்கிறீற்று குடிக்கும், உறைந்து உருகி மேல்பக்கம் பொரிந்து போகும். ஆனால் அவனிடம் கேட்க வேண்டியதைக் கேள். அரைக்கிறானா, அசிட் ஊற்றுகிறானா? அசிட் என்றால் அனுப்பிவிடு. ஈரம் பார்த்தானா? பொலித்தீனை நீயே ஒட்டிப் பார், ஒரு டொலர் செலவில்லை. ஒரே நாளில் முடிப்பேன் என்கிறானே, பொலிஅஸ்பார்ட்டிக் என்றால் அது பொய்யில்லை, கெதியாக இறுகுகிற சாமான்தான். ஆனால் அரைக்கிற வேலையும் அந்த ஒரு நாளுக்குள்தானே வர வேண்டும்? எபொக்சியேதான் போடப்போகிறாய் என்றால் குளிருக்கு முன் முடி, 10 பாகைக்குக் கீழே போனால் பெரும்பாலானவை இறுக மறுக்கும். கதவடியில் வெயில் படுகிற இடம் மஞ்சளிக்கும், அதற்குப் பொலியூரித்தேன் மேற்பூச்சு ஒன்று வேண்டும். நிறச் சிதறல் எல்லாம் தூவி மினுக்குவது உன் விருப்பம். எனக்கு அது கலியாண மண்டபம் மாதிரித் தெரிகிறது. கொஞ்சம் மணல் தூவச் சொல்லு, ஈரத்தில் வழுக்கும், நமக்கு இனி இடுப்பு உடைந்தால் பொருந்தாது.

வானை ஒரு கிழமை வேம்புக்குக் கீழே விட்டோம். ஒரே நாளில் நடக்கலாம், ஆனால் டயருக்கு ஏழு நாளாவது கொடுக்க வேண்டும். போன கிழமை அவன் கொழும்பு போய் வந்து சூட்டோடு விட்டான். விடிய நாலு மணிக்கே எழும்பி டோர்ச்சோடு போய்க் குனிந்து பார்த்தேன். ஒன்றும் உரியவில்லை. ஆனால் ஈரம் மேலே வருவது மார்கழியில். அப்போது கொப்புளம் வந்ததா இல்லையா என்று எழுதுகிறேன்.

ஒரு குறை உண்டு. இரண்டாம் பூச்சு அடித்த இரவு, வாசலுக்குக் கட்டிய கயிற்றுக்குக் கீழால் மான் ஒன்று வந்திருக்கிறது. இங்கே பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிற மான்கள் இப்போது இரவில் ஒழுங்கையெல்லாம் திரிகின்றன, குப்பை வாளியைக் கிளறுகின்றன. இரண்டு அடி உள்ளே வந்து, கால் ஒட்டுவது பிடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறது. ஐந்து குளம்படி, பிளவு பிளவாக, அச்சுப் பதித்தது போல. சின்னவன் அரைத்துவிட்டுத் திரும்பப் பூசலாம் என்கிறான். மனைவி கிரைண்டரை வீட்டுக்குள் எடுத்தால் தான் வெளியே போவதாகச் சொல்லிவிட்டாள். தையில் நீ வரும்போது பார்க்கலாம், வலது பக்கம், வாசலோடு.

அன்புடன்,
உன் மச்சான்