பிளாஸ்டிக் கழிவு பிரிக்கும் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள நம் கோயில் வளாகத்தில், பிளாஸ்டிக் கழிவை அது விழும் இடத்திலேயே வகை பிரிப்பதற்காகப் பொதுக்குழு ஒப்புதல் அளித்த பணி நிறைவுற்றது. கழிவைத் தானே வகை பிரிக்கும் நான்கு ஸ்மார்ட் தொட்டிகளும் பிரிப்புக் கொட்டகையும் நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கு தனியே இணைக்கப்பட்டிருப்பதால், என்ன அமைத்தோம், ஏன் அவ்வாறு அமைத்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த பிளாஸ்டிக், டர்பன் கடற்கரையில் குவிந்து கிடந்ததை நம்மில் பலர் நேரில் கண்டோம். நம் பகுதியை ஒட்டி ஓடும் உம்ஹ்லாதுசானா ஆறு டர்பன் துறைமுக விரிகுடாவில்தான் கலக்கிறது. தைப்பூசக் காவடி, ஆடிக் கூழ், புரட்டாசிச் சனிக்கிழமை என ஒவ்வொரு விசேஷத்திலும் அபிஷேகப் பால் பாட்டில், சமையல் எண்ணெய் பாட்டில், தயிர் டப்பா, தண்ணீர் பாட்டில், கற்பூர உறை எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்துவந்தன. டர்பன் நகரை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சியின் மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பை காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் கூழும் எண்ணெயும் உள்ளே புகுந்துவிட்டால், அதே பையில் இருக்கும் நல்ல காகிதமும் பயன்படாமல் போகிறது. ஆகவே பொருள் கையை விட்டு நீங்கும் கணத்திலேயே பிரிவது நல்லது என்று குழு கருதியது.

ஒவ்வொரு தொட்டியின் வாயிலும் விளக்கொளி பொருந்திய சிறு அறை ஒன்று உண்டு. போடப்பட்ட பொருள் அங்கே ஒரு கணம் நிற்க, கேமரா படம் எடுக்கிறது, அடியிலுள்ள எடை உணரி எடையைக் குறிக்கிறது, ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி அதன் வகையைக் கணித்துப் பலகையைத் திருப்பி உரிய அறைக்குள் தள்ளுகிறது. எடையையும் சேர்த்தது வீண் போகவில்லை: பாதி நீர் நிற்கும் பாட்டிலும் காலி பாட்டிலும் படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும், எடை மட்டுமே அவற்றைக் காட்டிக்கொடுக்கும். மூடியின் உட்புறத்திலுள்ள மீயொலி உணரி, குவியல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து, நிறையும் முன்பே காவலாளியின் கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறது. லோட் ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு நேரத்திலும் தொட்டி இயங்கும்படி ஒவ்வொன்றிலும் மின்கலம் வைத்துள்ளோம்.

படத்தை அறியும் மென்பொருளுக்கு அடித்தளமாக, கூகிள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட மொபைல்நெட் என்னும் மாதிரியைத் தேர்ந்தோம். சிறு கணினியில் ஓடுவதற்கென்றே அமைக்கப்பட்டது அது. அதைப் பயிற்றுவிக்க வேண்டிய படங்களைப் பற்றித்தான் அதிகம் விவாதித்தோம். ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவர் 2016இல் தொகுத்த டிராஷ்நெட் என்னும் தொகுப்பில் 2,527 படங்கள் உள்ளன. எல்லாருக்கும் திறந்து வைக்கப்பட்டது, பலரும் பயன்படுத்துவது. ஆனால் அந்தப் படங்கள் வெள்ளை அட்டைப் பின்னணியில் எடுக்கப்பட்டவை. அதில் பிளாஸ்டிக் என்பது ஒரே வகைதான்; பால் பாட்டிலுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வேறுபாடு இல்லை. நம் தொட்டியிலோ மஞ்சள் தூள் படிந்த பாட்டிலும், பூவிதழ் ஒட்டிய டப்பாவும், நசுங்கிய எண்ணெய்ப் பாட்டிலும் வரும். ஆகவே இளைஞர் பிரிவும் மகளிர் குழுவும் விசேஷ நாட்களின் கழிவையே, தொட்டியின் அதே விளக்கொளியில், பல கோணங்களில் படமெடுத்து வகை குறித்துத் தந்தார்கள். இத்திருப்பணியில் மிக மதிக்கத்தக்க உழைப்பு இதுவே என்பது குழுவின் ஒருமித்த கருத்து.

கேமராவின் எல்லையை உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அது வடிவத்தையும் நிறத்தையும் காண்கிறது; பொருளின் வேதிக்கூறைக் காண்பதில்லை. பெட் (PET) என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக், பி.வி.சி. (PVC) வேறொரு வகைப் பிளாஸ்டிக்; தெளிவான பெட் பாட்டிலையும் தெளிவான பி.வி.சி. பாட்டிலையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. மறுசுழற்சி ஆலையில் நறுக்கிய பிளாஸ்டிக்கை நீரில் இடும்போது, பாலிபுரொப்பிலீன் மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் மூழ்கும், பி.வி.சி.யும் பெட்டோடு சேர்ந்தே மூழ்கும், ஏனெனில் இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. பிறகு பெட் உருகும் வெப்பத்தில் அந்தச் சிறிதளவு பி.வி.சி. சிதைந்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளியிட்டு, முழு உருக்கையும் மஞ்சளாக்கிப் பலவீனப்படுத்துகிறது. பெரிய ஆலைகள் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியால் இவற்றைப் பிரித்தறிகின்றன. அந்தக் கருவியும் கரிக்கறுப்பு என்னும் கரி நிறமி ஏற்றிய கறுப்புத் தட்டுகளின் முன் தடுமாறும். நம் அளவுக்கு அது தேவையில்லை என்றே முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக, மென்பொருளுக்கு உறுதியில்லாத எதுவும், உடல் முழுதும் உறை போர்த்திய பாட்டிலும், கறுப்புத் தட்டும், பல பொருள்களை அடுக்கி ஒட்டிய உறைகளும் உள்பட, தனி அறைக்குள் விழும்படி அமைத்தோம். அந்த அறையைக் கொட்டகையில் கைகளே பிரிக்கின்றன. பாட்டிலின் அடியில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் முக்கோணத்து எண்ணைப் பார்த்து, 1 என்றால் பெட், 2 என்றால் பால் பாட்டில் வகை, 5 என்றால் தயிர் டப்பா வகை என வைக்கிறார்கள்.

அந்தக் கைகள் யாருடையவை என்பதிலும் குழு உறுதியாக நின்றது. வாரந்தோறும் நம் தெருக்களில் வண்டி தள்ளிச் சேகரிப்பவர்களையே கொட்டகைக்கு அழைத்தோம். இந்நாட்டில் மறுசுழற்சிக்குப் போகும் கழிவில் பெரும்பகுதி அவர்கள் கை வழியாகவே செல்கிறது. இயந்திரம் வந்ததால் அவர்கள் வருவாய் குறைவது நமக்கு அறமாகாது. பிரித்த பொருளை விற்ற தொகை அவர்களுக்கே சேரும் என்று தீர்மானம் எழுதப்பட்டுள்ளது.

கேமரா தொட்டியின் உள்ளே மட்டுமே நோக்குகிறது. வெளியே நிற்பவரின் முகம் அதில் பதிவதில்லை. இருப்பினும் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் கொண்டு, பயிற்சிக்குத் தேவைப்படாத படங்கள் உடனுக்குடன் அழிக்கப்படும்.

பாட்டிலிலுள்ள நீரைக் கொட்டிவிட்டு, நசுக்காமல், மூடியோடு போடுங்கள். எண்ணெய் பாட்டிலை மட்டும் மூடியைத் திருகி வைத்துக் கொட்டகையில் நேராகக் கொடுங்கள். விளக்கையும் கேமராக் கண்ணாடியையும் வாரம் ஒருமுறை துடைக்கும் பொறுப்பு இளைஞர் பிரிவுடையது; சாவிகள் கோயில் அலுவலகத்தில் உள்ளன. புதிய வகைப் பொதிகள் சந்தைக்கு வரும்போது மென்பொருளுக்கு மீண்டும் படங்கள் தேவைப்படும். அடுத்த படப்பிடிப்பு புரட்டாசி முதல் சனிக்கிழமை பூசைக்குப் பின் கொட்டகையில் நடைபெறும், விருப்பமுள்ளோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழு