‘நிறுத்து’ பட்டன் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரமாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் காப்புரிமைத் தேடல் சேவையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு தேடலுக்கு இரவு 9.30-க்கு ஒருவர் ‘நிறுத்து’ அழுத்தியிருக்கிறார். 11.30 வரை அவருடைய பேலன்ஸ் குறைந்துகொண்டே போயிருக்கிறது. படத்தின் கீழே, “பட்டன் வெறும் பொம்மை, காசு பிடுங்கத்தான் வைத்திருக்கிறார்கள்” என்று ஒரு வரி.

படம் உண்மை. பணம் போனதும் உண்மை. விஷயம் தெரிந்த அன்றே முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்து, போனில் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் ‘காசு பிடுங்க’ என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். “இந்த பம்ப் இம்பெல்லர் வடிவத்துக்கு ஏற்கெனவே காப்புரிமை இருக்கிறதா?” என்று நீங்கள் ஒரு தேடலைக் கொடுத்தால், தலைமை வேலை ஒன்று அதை ஏழெட்டுத் துண்டாகப் பிரிக்கும். ஒரு துண்டு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் என்ற தரவுத்தளத்தில் தேடும். இன்னொன்று ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெட்டில் தேடும், மற்றொன்று உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பில். அன்று அழுத்திய நிறுத்தம் தலைமை வேலைக்குப் போய்ச் சேர்ந்தது, அது நின்றும்விட்டது. துண்டு வேலைகளுக்கு யாரும் சொல்லவில்லை. மேஸ்திரி கிளம்பிப் போனது தெரியாமல் சாரத்தில் நின்றவர்கள் பூசிக்கொண்டே இருந்த கதைதான். நிரலில் அந்தப் பகுதியை எழுதிய தம்பி தீபாவளிக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர்மேல் பழியில்லை, சோதித்துப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

துண்டு வேலைகள் படித்த ஒவ்வொரு பக்கத்துக்கும் மொழி மாதிரி (ஆவணங்களைப் படிக்கும் ஏஐ) தரும் நிறுவனம் எங்களிடம் கட்டணம் வாங்கியது. உங்கள் பேலன்ஸில் குறைந்தது பெரும்பாலும் அந்தப் பணம்தான், எங்கள் கல்லாவில் விழுந்தது அல்ல. நிற்காமல் ஓடும் வேலையால் எங்களுக்கு லாபம் கிடையாது. யாருக்கும் வேண்டாத அறிக்கைக்காக சர்வர் ஓடுவது எங்களுக்கும் நஷ்டம்தான். பிடுங்க நினைத்தவன் பட்டனைத் தொடங்கிய நாளிலேயே முதல் திரையில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பானா? உங்களில் பலருக்கு இது தெரியும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“ப்ளக்கைப் பிடுங்கினால் போயிற்று, இதில் என்ன கஷ்டம்?” என்று சிலர் கேட்டார்கள். யுனிக்ஸ் என்ற இயங்குதள வகையில் ஓடும் கணினிகளில் ஒரு வேலையை நிறுத்த முக்கியமாக இரண்டு சிக்னல்கள், அதாவது ஆணைகள், உண்டு. 15-ஆம் எண் சிக்னல், ‘கையில் இருப்பதை ஒழுங்குபண்ணிவிட்டுக் கிளம்பு’ என்று சொல்லும். 9-ஆம் எண் எதையும் கேட்காது, அந்த இடத்திலேயே கொன்றுவிடும். அதை எந்த நிரலாலும் மறுக்க முடியாது. இயந்திரம் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு இது புதிதல்ல. இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60204-1-இல் மின்சாரத்தை உடனே துண்டிப்பது வகை 0, இது 9 போல. மின்சாரம் இருக்கும்போதே இயந்திரத்தை அடக்கி நிறுத்தி, பிறகு துண்டிப்பது வகை 1, இது 15 போல.

ஆரம்பத்தில் நாங்கள் 9-ஐத்தான் பயன்படுத்தினோம். ஒரு தேடல் ஐந்து தரவுத்தளங்களில் மூன்றைப் பார்த்து முடித்திருந்தபோது நிறுத்தப்பட்டது. அறிக்கையில் ‘முந்தைய காப்புரிமை எதுவும் கிடைக்கவில்லை’ என்ற வரி மட்டும் பதிவாகியிருந்தது. மீதி இரண்டைப் பார்க்கவே இல்லை என்ற குறிப்பு எழுதப்படுவதற்குள் வேலை செத்துவிட்டது. அந்த வாடிக்கையாளர் ஒரு சந்தேகத்தில் எங்களைக் கூப்பிட்டதால் தப்பித்தார். இல்லையென்றால் அந்த ஒரு வரியை நம்பி அச்சு வார்க்கப் பணம் போட்டிருப்பார். ‘இருக்கிறது’ என்று சொல்ல ஒரே ஒரு ஆவணம் போதும். ‘இல்லை’ என்று சொல்ல எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். பாதித் தேடல் முழுத் தேடல் போலத் தெரிவதைவிட, நிற்காமல் ஓடுவதே மேல் என்று அன்று நினைத்தேன். அந்தப் பயத்தில்தான் 15-க்கு மாறினோம், மாறியபோதுதான் துண்டு வேலைகளைக் கோட்டைவிட்டோம்.

சரி, இப்போது செய்திருப்பது: நீங்கள் அழுத்தியதும் நிறுத்தம் எல்லாத் துண்டுகளுக்கும் போகும். ஒவ்வொன்றும் அடுத்த பக்கத்தைத் திறக்குமுன் ‘நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா’ என்று பார்க்கும், புதிதாக எதையும் தொடங்காது. ஏற்கெனவே அனுப்பிய கேள்விக்குப் பதில் வர 30 விநாடி பொறுப்போம். அதற்குள் வராவிட்டால்தான் 9. ஒவ்வொரு ஆவணத்தையும் படித்து முடித்த உடனே குறிப்பு சேமிக்கப்படுவதால், படித்தது வீணாகாது. அறிக்கையின் தலைப்பிலேயே ‘பாதியில் நிறுத்தப்பட்டது’ என்று சிவப்பில் இருக்கும். எங்கெல்லாம் தேடவில்லை என்பது முதல் பக்கத்திலேயே வரும். ‘இல்லை’ என்ற முடிவை பாதி அறிக்கை சொல்லவே சொல்லாது. பிறகு வேண்டுமென்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த மாற்றங்களோடு அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் ஒரு தேடலின் குறைந்தபட்சக் கட்டணம் 40 ரூபாயிலிருந்து 55 ரூபாய் ஆகிறது, நிறுத்தினாலும் அது உண்டு.

அப்புறம் ஒரு விஷயம். பிரவுசரை மூடுவதும் லேப்டாப்பை மடக்குவதும் நிறுத்தம் ஆகாது. வேலை எங்கள் சர்வரில் ஓடுகிறது. இரவில் கொடுத்துவிட்டுக் காலையில் படிப்பவர்கள் உங்களில் நிறையப் பேர் என்பதால் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறோம். நிறுத்த வேண்டுமென்றால் பட்டனை அழுத்தி, ‘நின்றுவிட்டது’ என்று திரையில் வரும்வரை பாருங்கள். ‘நிற்கிறது’ என்று மட்டும் இருந்தால் இன்னும் நிற்கவில்லை என்று பொருள்.

இந்த இரண்டு வாரத்தில் குழுக்களில் எங்களுக்காகப் பேசியவர்களை நான் அறிவேன். கணக்கை மூடாமல், “என்ன ஆச்சுங்க?” என்று நேரே கூப்பிட்டுக் கேட்டவர்களையும் அறிவேன். முதல் வருடம் எங்கள் தவறுகளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிய பேராசிரியர்களும், சின்னப் பட்டறைகளிலிருந்து எங்களை நம்பிக் காத்திருந்தவர்களும் இல்லாவிட்டால் இந்த அலுவலகமே இருந்திருக்காது. உங்கள் எல்லோருக்கும் மனதார நன்றி.

நிறுத்திய பிறகும் பணம் போனதாக உங்களுக்குத் தோன்றினால் தேடல் எண்ணை மட்டும் வழக்கமான அலுவலக எண்ணுக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எங்கள் பதிவிலேயே நிறுத்திய நேரம் இருக்கிறது. பணத்தைத் திருப்பும் வேலையை இந்த மாதம் முழுக்க நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உரிமையாளர்