குதிகாலில் எடுத்த சில துளி இரத்தம்: ஒரு நன்றி மடல்

எங்கள் மகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைபாடு இருந்ததை உரிய காலத்தில் கண்டறிந்து, இன்றுவரை அவளைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்துவரும் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி, பிரசவ வார்டில் பணியிலிருந்த செவிலியர் அக்காவுக்கு. பச்சைக் குழந்தையின் காலில் ஊசி குத்துவதா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்கியபோது, பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவே ஏறியிருக்கும், அதனால் 48 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சலிப்பில்லாமல் எடுத்துச் சொன்னார். குழந்தையின் பாதத்தை வெதுவெதுப்பான துணியில் சுற்றி வைத்து, குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்த துளி அட்டையிலுள்ள வட்டத்தை நிரப்பும்வரை அவர் காத்திருந்த பொறுமை இன்னும் கண்முன் நிற்கிறது.

முடிவு வந்த அன்றே தொலைபேசியில் அழைத்து, உறுதிப்படுத்தும் இரண்டாவது பரிசோதனைக்கு வரச்சொன்ன ஆய்வகத்தாருக்கும் நன்றி.

எங்கள் மருத்துவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எங்களுக்குப் புரியும்படி அவர் விளக்கியது இதுதான்: மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்எச்சை அனுப்பித் தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு இரத்தத்திலுள்ள அயோடினை எடுத்துத் தைராக்சின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது போதுமான அளவை எட்டியதும் பிட்யூட்டரி தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. எங்கள் மகளுக்குக் கழுத்தில் தைராய்டு சுரப்பியே உருவாகவில்லை என்பதால், டிஎஸ்எச் மிக உயர்ந்தும் தைராக்சின் மிகக் குறைந்தும் இருந்தன. கருவில் இருக்கும்போது தாயின் தைராக்சின் ஓரளவு நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுவதால், பிறக்கும்போது குழந்தை நலமாகவே தெரியும். நீடிக்கும் மஞ்சள் காமாலை, மலச்சிக்கல், கரகரத்த அழுகை, தடித்த நாக்கு என்று அறிகுறிகள் தெளிவாகத் தெரியும்வரை காத்திருந்தால், மூளை வளர்ச்சியில் ஏற்படும் இழப்பை முழுமையாக ஈடுகட்ட முடியாமல் போகலாம். அதனால்தான் முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்று அவர் அவ்வளவு விரைவு காட்டினார். கர்ப்ப காலத்தில் நான் சாப்பிட்டதுதான் காரணமோ என்று உறவினர்கள் பேசிய வேளையில், "இதில் தாயின் தவறு எதுவுமில்லை" என்று அனைவர் முன்னிலையிலும் அவர் சொன்னது எனக்குப் பெரும் ஆறுதல்.

தைராக்சினுக்கு ஈடாகக் கொடுக்கும் லெவோதைராக்சின் மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கிடையே நசுக்கி, சிறிது தாய்ப்பாலில் கலந்து உடனே புகட்டவும், இரும்புச்சத்து மருந்துக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடவும் கற்றுக்கொடுத்த மருந்தாளுநர் அண்ணாவுக்கும், மாதந்தோறும் எடை பார்த்துக் குறித்துக்கொடுத்த அங்கன்வாடி அக்காவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். குழந்தையின் எடையையும் இரத்த அளவையும் பார்த்துத்தான் மருந்தளவு மாற்றப்படுகிறது.

1914இல் தைராக்சினைப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டாலையும், 1970களில் கனடாவின் கியூபெக்கில் பிறந்த குழந்தைகளுக்கான இந்தப் பரிசோதனையைத் தொடங்கிய ழான் டுசோவையும் இவ்விடத்தில் நன்றியோடு நினைக்கிறோம்.

எங்கள் மகள் வயதுக்கேற்ப வளர்ந்து, பேசி, இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். வாழ்நாள் முழுவதும் காலையில் ஒரு மாத்திரை அவளுக்குத் தேவைப்படும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்தப் பரிசோதனை கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நன்றியுடன்,
ஒரு தாய்