வடசென்னைக் கடலோரப் பூங்காக்களில் நம் மண்ணின் பூமரங்களை வளர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
பகுதிவாசிகள் சார்பில்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பூங்காக்களில் உப்புக்காற்றைத் தாங்கும் பூமரங்கள் நடுதல், மாசி முதல் வைகாசி வரை பூ பார்க்க வருவோருக்கு வசதி செய்து தருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஜனவரியில் செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி என்றால் எங்கள் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறோம். தேரடியில் மெட்ரோ ஏறி ஏஜி–டிஎம்எஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போகிறோம். நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது தொட்டியில் வந்து, தொட்டியோடு திரும்பிப் போகும் பூ. அப்படி ஒரு கண்காட்சியை வடசென்னைக்கும் கொண்டுவாருங்கள் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. வருடா வருடம் தானாகப் பூக்கிற மரங்களைத்தான் கேட்கிறோம்.

கடலோரத்தில் எதை நட்டாலும் வராது என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் பகுதிப் பூங்கா ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். வேலையை எடுத்தவர் புல்தரை விரித்து, குரோட்டன்ஸும் செம்பருத்தியும் வரிசையாக வைத்துவிட்டுப் போனார். வெயில் ஏறியதும் செம்பருத்தி இலையின் ஓரம் தீய்ந்து பழுப்பானது. இலையை விரலால் தடவினால் உப்பு ஒட்டியது. புல்லோ லாரித் தண்ணீர் வந்த வரைக்கும் பச்சையாக இருந்தது. அதே பூங்காவின் சுவருக்கு வெளியே, யாரும் நடாத பூவரசு ஒன்று நிற்கிறது. அதற்கு யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதில்லை. காலையில் மஞ்சளாக மலரும் பூ சாயங்காலத்துக்குள் சிவந்து விழுகிறது, மறுநாள் வேறு பூக்கிறது. மண்ணிலும் காற்றிலும் கோளாறு இல்லை ஐயா, எதை நடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

கடலைப் பார்த்த முதல் வரிசைக்குப் புன்னையும் பூவரசும் போதும். புன்னை இலை தடிப்பாக, மெழுகு பூசினாற்போல் இருப்பதால் உப்பு அதை லேசில் சுடுவதில்லை. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தம், நல்ல வாசனை. நிழலும் அடர்த்தி. அடுத்த வரிசையில் புங்கையும் வேம்பும் வைக்கலாம். பங்குனி, சித்திரையில் புங்கமரத்தடியில் பொரி இறைத்தாற்போல் பூ கொட்டிக் கிடக்கும். அதைக் குப்பை என்று தினமும் கூட்டி வாரிவிட வேண்டாம் என்று பணியாளர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாய்ப் போகும். கொன்றைக்கு நேரடி உப்புக்காற்று ஆகாது. அதைக் கடலை விட்டுத் தள்ளி, கட்டடங்களின் மறைவு உள்ள பூங்காக்களில் நட வேண்டும். சித்திரை வெயிலில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சரம்சரமாகத் தொங்குகிற கொன்றையைப் பார்க்க ஊட்டிக்கா போக வேண்டும்? மாசியிலேயே சிவப்பாகப் பூத்துவிடும் கல்யாண முருங்கையையும் அங்கங்கே சேர்த்துக்கொண்டால், மாசி தொடங்கி வைகாசி வரை ஏதாவது ஒன்று பூத்தபடி இருக்கும். வேகமாக வளர்கிறது என்று மயில்கொன்றையை (குல்மோகர்) மட்டும் வரிசையாக நட வேண்டாம். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது எத்தனை மரம் சாலையில் விழுந்தது என்பது தங்களுக்கே தெரியும்.

மணலுக்கு அடப்பங்கொடி. நெய்தல் நிலத்தின் சொந்தக் கொடி இது. ஊதாநிறப் பூ காலையில் விரியும், கொடி படர்ந்து மணலைப் பிடித்து வைக்கும். கல் கொட்டிய கரையில் இது வராது. மணல் மிச்சமிருக்கிற இடங்களில் இருப்பதை வெட்டாமல் விட்டாலே போதும். கரையோரத்தில் எதைச் செய்வதானாலும் முதலில் மீனவர் பஞ்சாயத்தாரைக் கலந்து பேச வேண்டுகிறோம். வலை காயப்போடுகிற இடத்திலும் கருவாடு உலர்த்துகிற இடத்திலும் எங்களுக்குப் பூங்கா வேண்டாம்.

பூ பார்க்கப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரம் மகிழம். மாசி பிரம்மோற்சவத்தில் அந்த மரத்தடியில் நடக்கும் மகிழடி சேவை பார்க்க எவ்வளவு கூட்டம் வருகிறது! சுந்தரர் மணந்த சங்கிலியார் பூத்தொடுத்து இறைவனுக்குத் தந்ததும், சுந்தரர் சங்கிலியாரைக் கண்டதும் இந்த ஊரில்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்படிப்பட்ட ஊரின் பொதுப் பூங்காக்களில் ஒரு மகிழமரத்தைக் காட்டச் சொல்லிக் குழந்தை கேட்டால் நான் கோயிலுக்குத்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. பூங்காவுக்கு ஒன்றாவது வேண்டும். உதிர்ந்த மகிழம்பூ காய்ந்த பிறகும் மணக்கும். பொறுக்க வருகிற பிள்ளைகளைக் காவலாளி விரட்டக் கூடாது, அவ்வளவுதான்.

இராயபுரம் அறிஞர் அண்ணா பூங்காவைத் தனியாகக் குறிப்பிட விரும்புகிறோம். ராபின்சன் பூங்கா என்ற பெயரில் இருந்த அதே இடம்தான். 1949 செப்டம்பர் 18 அன்று தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்தது இங்கேதான். வரலாறு தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்தால் நின்று பார்க்க நல்ல பூமரங்களும் இருக்கட்டும். காலையில் இங்கே ஆரம்பித்து, மெட்ரோவில் தேரடி வந்து மகிழமரத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடற்கரையில் முடிக்கும்படி ஒரு பூ உலா வழியை மாநகராட்சி வகுத்துத் தரலாம். எந்த மாதம் எந்தப் பூங்காவில் எது பூக்கும் என்று தமிழில் ஒரு பலகை, மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. அதிகச் செலவு பிடிக்காது. மரங்களை அடையாளம் காட்டி எழுதிக் கொடுக்க நானும் என் பழைய மாணவர்களும் வரத் தயார், கூலி வேண்டாம்.

அப்புறம், பங்குனி முதல் வைகாசி வரையாவது பூங்காக்களை நடுப்பகலிலும் திறந்து வைக்க வேண்டும். மீன் விற்கிற பெண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பதே மதியத்தில்தான். குடிநீரும் பூட்டாத கழிப்பறையும் இல்லாமல் வயதானவர்களும் பெண்களும் எப்படி வந்து உட்காருவார்கள்?

தண்ணீருக்கும் வழி இருக்கிறது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019 முதல் இயங்கிவருகிறது. குடிநீர் வாரியத்துடன் பேசி அதில் சிறு பங்கை லாரிகளில் பெற்று, முதல் இரண்டு கோடைக்குக் கன்றுகளுக்கு ஊற்றினால், பிறகு அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஒப்பந்தம் போடும்போது, நட்ட கன்றுக்கு மட்டும் பணம் என்று இல்லாமல், இரண்டாவது கோடையைத் தாண்டிப் பிழைத்த கன்றுக்கே முழுப்பணம் என்று எழுதுங்கள். நடவு ஆடி, ஆவணியில் ஆரம்பித்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் நிதி வருகிறது, மகிழ்ச்சி. அதிலேயே பூமரங்களுக்கும் ஒரு சிறு தொகை ஒதுக்கி, வரும் ஆடி மாதத்திலேயே நடவு தொடங்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பகுதிவாசிகள் சார்பில்,
மனுதாரர்.

இடம்: திருவொற்றியூர்

இணைப்பு: பகுதிவாசிகளின் கையொப்பங்கள், நடத்தக்க மரங்களும் அவை பூக்கும் மாதங்களும் அடங்கிய பட்டியல்.
நகல்: மண்டல அலுவலர்கள், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் மண்டலங்கள்.